மத்தியதரைக் கடலில் கடல் முள்ளெலி எடுத்து உண்பது: படகில் செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

மத்தியதரைக் கடலின் பாறைக் கரைகளில் வாழும், முட்கள் போர்த்த உருண்டை ஓடுடைய சிற்றுயிரான கடல் முள்ளெலியின் (sea urchin) ஓட்டுக்குள் நாம் உண்ணத் தக்கது ஒன்றே ஒன்றுதான்: ஓட்டின் மேற்கூரையின் உட்புறத்தில், ஐந்து திசைகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் செம்மஞ்சள் நிறமான ஐந்து இனப்பெருக்கச் சுரப்பிகள். ஆண், பெண் இரண்டிலும் அவை உண்டு. இரண்டும் உண்ணத் தக்கவை. ஓர் உயிரிலிருந்து கிடைப்பது சில கிராம் மட்டுமே என்பதால், எதை எடுப்பது, எப்போது எடுப்பது, எங்கே எடுப்பது என்ற மூன்றும் தெரியாமல் நீரில் இறங்குபவர், வெறும் ஓடுகளை உடைத்துக் கடலில் கொட்டுபவராகவே முடிவார். அந்த வீணடிப்பைத் தவிர்ப்பதே இவ்வழிகாட்டியின் முதல் நோக்கம். பிரான்சின் தென்கரையை, குறிப்பாக மார்சேய் நகரின் இருபுறமும் உள்ள கரையை அடிப்படையாகக் கொண்டு எழுதுகிறேன். இத்தாலி, கிரேக்கம், ஸ்பெயின் ஆகியவற்றில் நடைமுறை மாறும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

காலம்

கடல் முள்ளெலி குளிர்காலத்து உணவு. இலையுதிர் காலத்திலிருந்து சுரப்பிகள் மெல்லப் பருத்து, சனவரி முதல் மார்ச் வரை நிறைந்திருக்கும். நீர் வெதுவெதுப்பாகத் தொடங்கும் வசந்தத்தில் முட்டையையும் விந்தையும் கடலில் விட்டுவிட்டு அவை சுருங்கிப்போகும். மார்சேய்க்கு மேற்கே உள்ள காரி-லெ-ரூவே என்ற சிற்றூரில் பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் துறைமுகத்தை ஒட்டி மேசை போட்டு முள்ளெலித் திருவிழா நடத்துவதும், ஸ்பெயினின் கட்டலோனியாவில் பலாஃப்ருஜெல் வட்டாரத்து உணவகங்கள் சனவரி முதல் மார்ச் வரை இதற்கென்றே தனி விருந்துப் பருவம் கொண்டாடுவதும் இக்காரணத்தால்தான்.

படகு வாடகைக்கு எடுத்து மத்தியதரைக் கடலுக்கு வருவோரில் பெரும்பாலோர் சூலை, ஆகஸ்டு மாதங்களில் வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அப்போது முள்ளெலியைப் பாருங்கள், எடுக்காதீர்கள். பிரான்சில் அந்த மாதங்களில் எடுப்பதே சட்டவிரோதம். அதோடு, கோடையில் வெதுவெதுப்பான, அலையற்ற நீரில் பாறைப்பாசிகளின்மேல் ஆஸ்ட்ரியோப்சிஸ் என்ற நுண்பாசி பெருகும். 2005 ஆம் ஆண்டுக் கோடையில் இத்தாலியின் ஜெனோவா கரையில் இதன் பெருக்கத்தின்போது, கடற்காற்றைச் சுவாசித்ததாலேயே ஏறத்தாழ 200 பேர் காய்ச்சலும் இருமலுமாக மருத்துவ உதவி நாடினார்கள். பாசியை மேய்ந்து வாழும் முள்ளெலியின் உடலில் இந்த நஞ்சு சேரக்கூடும்; சமைத்தாலும் அது முழுமையாக அழியும் என்று நம்ப இடமில்லை. பாறைகளின்மேல் பழுப்பு நிறச் சளிப்படலம் படர்ந்திருந்தால், அல்லது முள்ளெலிகள் முட்களை உதிர்த்துக் கிடந்தால், அந்த இடத்திலிருந்து எதையும் உண்ணக் கூடாது.

முழுநிலவன்று முள்ளெலி நிறைந்திருக்கும் என்பது மிகப் பழைய நம்பிக்கை. அரிஸ்டாட்டிலே அதை எழுதிவைத்திருக்கிறார். 1920களில் மன்ரோ ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் இதைச் சோதித்தபோது, சூயஸில் செங்கடல் இனம் ஒன்று நிலவின் சுழற்சியை உண்மையிலேயே பின்பற்றுவதையும், மத்தியதரைக் கடல் சந்தைகளில் விற்கப்படும் இனம் அவ்வாறு பின்பற்றாததையும் கண்டார். ஆகவே நாட்காட்டியில் பார்க்க வேண்டியது நிலவை அல்ல, மாதத்தை.

சட்டம்

புறப்படும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. விதிகள் நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, ஒரே நாட்டுக்குள் மாவட்டத்துக்கு மாவட்டமும் மாறுகின்றன. சில இடங்களில் ஆண்டுக்கு ஆண்டும் திருத்தப்படுகின்றன. மார்சேய் அடங்கிய பூஷ்-து-ரோன் மாவட்டத்தில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரையே பருவம் என்பது நீண்டநாள் வழக்கம். பொழுதுபோக்காக எடுப்பவர் ஒருவர் நாளொன்றுக்கு 4 டசன் வரை எடுக்கலாம். முட்களைச் சேர்க்காமல் ஓட்டின் குறுக்களவு 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. அழுத்தக் காற்று உருளை கட்டி மூழ்கி எடுப்பது பொழுதுபோக்காளருக்குத் தடை. மூச்சடக்கி மூழ்கியே எடுக்க வேண்டும். எடுத்ததை விற்கவும் கூடாது.

இத்தாலியில் 1995 ஆம் ஆண்டு ஆணை இன்னும் அடிப்படை: பொழுதுபோக்காளர் கையால் மட்டும், மூச்சடக்கி, நாளொன்றுக்கு 50, முட்களையும் சேர்த்து 7 சென்டிமீட்டர், மே, சூன் மாதங்களில் முழுத்தடை. பிரான்சில் முள் இல்லாமலும் இத்தாலியில் முள்ளோடும் அளக்கிறார்கள் என்பதை எல்லை கடந்து செல்லும் படகினர் நினைவில் வைக்க வேண்டும். இவற்றுக்கு மேல் வட்டார விதிகள் வேறு: தென்னித்தாலியின் புலியா மாநிலம் 2023 ஆம் ஆண்டில், அழியும் நிலைக்கு வந்த முள்ளெலிகள் மீண்டு பெருகட்டும் என்று மூன்றாண்டுத் தடை விதித்தது. தடை நீங்கியதா, நீட்டிக்கப்பட்டதா என்பது போன்றவற்றை அந்தந்தத் துறைமுக அலுவலகத்தில் கேட்டே உறுதிசெய்ய வேண்டும். கடல்சார் தேசியப் பூங்காக்களும் கவனிக்க வேண்டியவை. மார்சேய்க்கும் அதன் கிழக்கே உள்ள காசி (Cassis) ஊருக்கும் இடைப்பட்ட காலங்க் தேசியப் பூங்கா 2012 ஆம் ஆண்டில் உருவானது. அதற்குள் எதையுமே எடுக்கக் கூடாத பகுதிகள் வரையறுக்கப்பட்டுள்ளன. கடல் வரைபடத்தில் அவற்றைக் குறித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

இந்த வரம்புகள் மிகையானவை என்று படகினர் முணுமுணுப்பதுண்டு. நான் அவற்றை முழுமனதோடு ஆதரிக்கிறேன். 5 சென்டிமீட்டர் அளவை எட்ட ஒரு முள்ளெலிக்கு நான்கைந்து ஆண்டுகளாவது ஆகும்; ஒரு வாய்க்கு நாம் எடுப்பது அத்தனை ஆண்டுகளின் வளர்ச்சி. நான்கு டசன் என்பதே தாராளம். ஒருவருக்கு ஒரு டசன் போதும் என்பது என் கருத்து.

எது உண்ணத் தக்கது

மத்தியதரைக் கடலின் ஆழமற்ற பாறைகளில் இரண்டு இனங்கள் அருகருகே வாழ்கின்றன. ஒன்று ஊதா முள்ளெலி. அறிவியல் பெயர் பாராசென்ட்ரோட்டஸ் லிவிடஸ். இதுவே உணவு. மற்றொன்று கருமுள்ளெலி, அர்பேசியா லிக்சுலா. இதன் சுரப்பிகள் சிறியவை, சுவையற்றவை, யாரும் உண்பதில்லை. கரை மக்களிடம் பரவலாக உள்ள ஒரு தவறான நம்பிக்கை, கருப்பு நிறமானது ஆண், ஊதா நிறமானது பெண் என்பது. இவை வெவ்வேறு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் தனித்தனியே உண்டு. ஊதா இனத்திலேயே ஆணின் சுரப்பி வெளிர்மஞ்சளாகவும், பெண்ணினுடையது ஆரஞ்சு முதல் அடர்சிவப்பு வரையிலும் இருப்பது வழக்கம் என்றாலும், ஓட்டை உடைக்காமல் வெளியிலிருந்து பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது.

நீருக்குள் இரண்டையும் பிரித்தறிய நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் ஊதா முள்ளெலி பழுப்பு, பாசிப்பச்சை, கருஞ்சிவப்பு, சில வேளை ஏறத்தாழக் கருப்பு என்று பல நிறங்களில் வரும். மூன்று அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதலாவது, போர்வை: ஊதா முள்ளெலி சிப்பித் துண்டு, கூழாங்கல், பாசி இலை, கண்ணாடிச் சில்லு என்று கிடைத்ததை எல்லாம் தன் குழல்கால்களால் தலைமேல் பிடித்து வைத்துக்கொள்ளும், கருமுள்ளெலி அவ்வாறு செய்வதில்லை. ஆகவே தலையில் சிப்பி சுமந்திருப்பதை நம்பி எடுக்கலாம். இரண்டாவது, முட்கள்: கருமுள்ளெலியின் முட்கள் ஒரே சீரான நீளத்தில், பளபளக்கும் கருமையில், விறைத்து நிற்கும். மூன்றாவது, இடம்: கருமுள்ளெலி அலை மோதும் செங்குத்துப் பாறைகளில் இறுகப் பற்றியிருக்கும், ஊதா இனம் பாறைப் பள்ளங்களிலும் சாய்ந்த பாறைத் தளங்களிலும் பொசிடோனியா கடற்புல்லின் ஓரங்களிலும் மிகுதி. எடுத்துத் திருப்பிப் பார்த்தால் இன்னும் தெளிவு கிடைக்கும்: கருமுள்ளெலியின் வாயைச் சுற்றி முள்ளற்ற மென்தோல் பகுதி மிக அகலமாக இருக்கும்.

வேறு இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். சற்று ஆழத்தில், உருண்டையாகப் பெரிதாக, நுனி வெளுத்த குட்டை முட்களோடு காணப்படுவது ஸ்ஃபெரெக்கைனஸ் கிரானுலாரிஸ். உண்ணலாம் என்றாலும் இக்கரைகளில் அதை யாரும் தேடுவதில்லை. கிழக்குப் பகுதியில், அதாவது துருக்கி, கிரேக்கத் தீவுகள், சைப்ரஸ் பக்கம், ஊசிபோல் மிக நீண்ட கருமுட்களோடு நிற்பது டயடெமா செட்டோசம். இந்தியப் பெருங்கடலுக்கும் பசிபிக்குக்கும் உரிய இனம் இது. மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளில் இறங்கியவர்களுக்கு இதன் தோற்றம் பழக்கமானது. மத்தியதரைக் கடலில் இது முதன்முதலில் பதிவானது 2006 ஆம் ஆண்டில், துருக்கியின் காஷ் கரையில். 2022 முதல் ஒரு நோயால் கிழக்கு மத்தியதரைக் கடலில் பெருமளவில் மடிந்தாலும், எஞ்சியவை இன்னும் உண்டு. அதன் முட்கள் எளிதில் துளைத்து உள்ளே ஒடிபவை, இலேசான நஞ்சும் கொண்டவை. கையுறை அணிந்திருந்தாலும் தொட வேண்டாம்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

புதியவர்கள் செய்யும் பிழை, முள்ளெலிகள் நெருக்கமாக மொய்த்திருக்கும் வெறும்பாறையைக் கண்டதும் அங்கேயே இறங்கிவிடுவது. முள்ளெலி பாசியைத் தின்று வாழ்வது. கூட்டம் பெருகிப் பாறையை மொட்டையாக்கிவிட்ட இடத்தில் ஒவ்வொன்றும் பட்டினியோடு உயிரைத் தாங்கிக்கொண்டிருக்கும்; உடைத்தால் உள்ளே நீரும் நூல்போல் மெலிந்த சுரப்பியும்தான் இருக்கும். பழுப்புப் பாசி அடர்ந்த பாறைகளிலும் கடற்புல் ஓரங்களிலும் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் ஒவ்வொன்றும் நிறைந்திருக்கும். முதலில் ஒன்றை மட்டும் எடுத்துப் படகில் உடைத்துப் பாருங்கள். நிறைந்திருந்தால் தொடரலாம், வெறுமையாக இருந்தால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வேறிடம் போக வேண்டும்.

துறைமுக வாயில், ஆற்று முகத்துவாரம், கழிவுநீர்க் குழாய், மீன்பண்ணை ஆகியவற்றின் அருகில் எடுக்கக் கூடாது. பச்சையாக உண்ணப்போகும் பொருளுக்கு இதில் சமரசமே இல்லை. பெருமழை பெய்த பின் சில நாள்கள் காத்திருப்பதும் அவசியம்.

நங்கூரத்தை மணல் திட்டில் மட்டுமே இறக்க வேண்டும். பொசிடோனியா புல்வெளி ஓராண்டில் சில சென்டிமீட்டர் மட்டுமே படரும். ஒரு நங்கூரம் பிய்த்தெடுக்கும் பரப்பு மீள நம் வாழ்நாள் போதாது. ஸ்பெயினின் பலேரிக் தீவுகளில் 2018 ஆணையின்படி அப்புல்லின்மேல் நங்கூரமிடுவது எல்லாப் படகுகளுக்கும் தடை. பிரான்சில் 24 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்குத் தடைப் பகுதிகள் வகுக்கப்பட்டுள்ளன. சட்டம் சொல்லாத இடத்திலும் இதைக் கடைப்பிடியுங்கள்.

காற்றைப் பற்றி ஒரு சொல். மார்சேய் அடங்கிய புரோவான்சுக் கரையில் மிஸ்ட்ரால் எனும் வடமேற்குக் காற்று குளிர்காலத்தில் திடீரென்று வலுத்துப் பல நாள் வீசும்; அது கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அமைதியாகத் தோன்றும்; ஆனால் சிறு படகைத் திறந்த கடலுக்குத் தள்ளிவிடும். கிழக்குக் காற்று வீசினால் அலை எழும்பிப் பாறையருகே நிற்க முடியாது. இரண்டும் இல்லாத, சில நாள் அடங்கிக்கிடந்த கடலே ஏற்றது. நீரும் அப்போதுதான் தெளிந்திருக்கும்.

நீரில் இறங்கி எடுத்தல்

இடுப்பளவு முதல் நான்கைந்து மீட்டர் ஆழம் வரை போதுமானது. பிப்ரவரியில் நீரின் வெப்பநிலை ஏறத்தாழ 13 டிகிரி. ஆகவே 5 மில்லிமீட்டர் அல்லது அதைவிடத் தடித்த, குளிர்தாங்கும் ரப்பர் நீச்சலுடை, தலைமூடி, தடித்த கையுறை, அடி கெட்டியான காலணி ஆகியவை வேண்டும். நீச்சல் முகக்கண்ணாடி, மூச்சுக்குழல், துடுப்புக்காலணி, இடுப்பில் கட்டும் வலைப்பை, மழுங்கிய கத்தி, 5 சென்டிமீட்டர் இடைவெளி வெட்டிய மரத்துண்டு அல்லது அளவுகோல் ஆகியவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீரில் ஆள் இருப்பதைக் காட்டும் கொடியுடன் மிதவையைக் கட்டாயம் இழுத்துச் செல்ல வேண்டும். படகின் இயந்திரம் அணைந்திருக்க வேண்டும். படகில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும்.

மூச்சடக்கி மூழ்குவோர் இருவராகச் சென்று, ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே நின்று கவனிக்க வேண்டும். மூழ்கும் முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடும் பழக்கம், எச்சரிக்கை ஏதுமின்றி நீருக்குள் மயங்கி விழச் செய்யும். அதை அறவே விடுங்கள்.

முள்ளெலியை எடுக்கும் கணத்தில் தயக்கம் கூடாது. மெல்லத் தொட்டால் அது நூற்றுக்கணக்கான குழல்கால்களால் பாறையை இறுகப் பற்றிக்கொள்ளும். பிறகு பிய்த்தால் ஓடு உடையும். பக்கவாட்டில் கையையோ கத்தி முனையையோ அடியில் செலுத்தி ஒரே அசைவில் நெம்பி எடுக்க வேண்டும். இத்தாலியில் கருவிக்கு அனுமதி இல்லை. கையுறையோடு கையாலேயே எடுக்க வேண்டும். அளவை அங்கேயே, எடுத்த இடத்திலேயே பாருங்கள். சிறியதாக இருந்தால் வாய்ப்பக்கம் கீழே இருக்குமாறு அதே பள்ளத்தில் வைத்துவிடுங்கள். மேலிருந்து போட்டுவிட்டால் கவிழ்ந்து கிடக்கும் அதைச் சர்கோ போன்ற மீன்கள் கொத்தித் தின்றுவிடும். கற்களைப் புரட்டக் கூடாது, ஏனெனில் குஞ்சுகள் ஒளிந்து வளர்வது அவற்றின் அடியில்தான். ஒரே பள்ளத்தைக் காலிசெய்யாமல், இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்து நகருங்கள்.

நீரில் இறங்க விரும்பாதவர், கண்ணாடி அடியுள்ள வாளியை நீர்ப்பரப்பில் வைத்துப் பார்த்தபடி, சிறு படகிலிருந்தே நுனி பிளந்த நீண்ட கழியால் எடுப்பது கிரேக்கத்திலும் புரோவான்சிலும் பழைய முறை. அந்த இடத்தில் அக்கருவிக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

படகில் வைத்திருத்தல்

எடுத்தவற்றைக் கடல்நீரில் நனைத்த சாக்கின் அடியில், நிழலில், குளிர்ச்சியாக வைக்க வேண்டும். நன்னீர் பட்டால் இறந்துவிடும். தேங்கிய கடல்நீர் வாளியில் போட்டால் மூச்சுத் திணறி இறக்கும். அன்றே உண்பதுதான் முறை. உடைக்கும் முன் ஒவ்வொன்றின் முட்களும் அசைகின்றனவா என்று பாருங்கள். முட்கள் தொங்கிப்போனதும், உதிர்வதும், வாடை வீசுவதும் சற்றும் யோசிக்காமல் தள்ள வேண்டியவை.

வெட்டுதல்

சுரப்பிகள் மேற்கூரையில் ஒட்டியிருப்பவை. வாய் அடிப்பக்கம் இருப்பது. எனவே வாய்ப்பக்கத்தை மேலாகத் திருப்பி வெட்டினால்தான் சுரப்பிகள் சிதையாமல் கிண்ணத்தில் பரிமாறியதுபோல் அமைந்திருக்கும். பிரெஞ்சுக் கடைகளில் இதற்கென்றே இடுக்கி கிடைக்கிறது. ஓட்டில் செருகிக் கைப்பிடியை அழுத்தினால் ஓடு இரண்டாகப் பிளக்கும். அது இல்லாவிட்டாலும் குறையில்லை. கூர்முனைக் கத்தரிக்கோலே போதும், சில்லுகளும் குறைவாக விழும்.

இடக்கையில் தடித்த கையுறையோடு முள்ளெலியைப் பிடித்து, வாயைச் சுற்றியுள்ள மென்தோலில் கத்தரிக்கோலின் ஒரு முனையைச் செருகி, ஓட்டின் விளிம்பை நோக்கிப் பாதியளவு வெட்டிச் சென்று, பிறகு வட்டமாகச் சுற்றி வெட்டி மூடிபோல் எடுத்துவிடுங்கள். அதோடு சேர்ந்து ஐந்து பற்கள் கொண்ட தாடை அமைப்பும் வந்துவிடும். அரிஸ்டாட்டில் அதை விளக்கோடு ஒப்பிட்டு வருணித்ததால் இன்றும் அது அரிஸ்டாட்டிலின் விளக்கு என்றே அழைக்கப்படுகிறது. உள்ளே இருக்கும் நீரைக் கவிழ்த்து ஊற்றி, கரும்பழுப்பு நிறக் குடலையும் அதிலுள்ள உணவுத் துணுக்குகளையும் ஒரு உதறலில் அல்லது கரண்டி நுனியால் அகற்றுங்கள். நட்சத்திர வடிவில் ஐந்து செம்மஞ்சள் நாக்குகள் தெரியும். கழுவ வேண்டுமென்றால் தெளிந்த கடல்நீரால் மட்டும், இலேசாகக் கழுவலாம். குழாய்நீர் சுவையைக் கொன்றுவிடும்.

உண்ணுதல்

முதல் இரண்டு மூன்றையாவது எதுவும் சேர்க்காமல், சிறு கரண்டியால் வழித்து, மொறுமொறுப்பான ரொட்டித் துண்டின்மேல் வைத்து உண்ணுங்கள். முதலில் உப்பும், பிறகு வெண்ணெய்போன்ற குழைவும், கடைசியில் தெளிவான இனிப்பும் வரும். எலுமிச்சை பிழிவோர் உண்டு; எனக்கு அது இனிப்பை மறைப்பதாகவே தோன்றுகிறது. கசப்பு தெரிந்தால் குடல் சரியாக நீங்கவில்லை என்று பொருள். புரோவான்சில் காசி ஊரின் வெள்ளை ஒயின் உடன் வரும். கிரேக்கத்தில் சுரப்பிகளை ஒரு கிண்ணத்தில் சேர்த்து, ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து, அகினோசலாட்டா என்ற பெயரில் ரொட்டியோடு உண்கிறார்கள்.

தென்னித்தாலியிலும் சார்டீனியாவிலும் ஸ்பகெட்டியோடு கலப்பது சிறப்பு. இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 20 முதல் 24 முள்ளெலிகள். அகன்ற சட்டியில் மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் நசுக்கிய ஒரு பூண்டுப் பல்லைப் பொன்னிறம் வருமுன் எடுத்துவிட்டு, சற்றே விறைப்பாக வெந்த ஸ்பகெட்டியையும் அரைக் கரண்டி வேகவைத்த நீரையும் சேர்த்துப் புரட்டி, அடுப்பை அணைத்த பின்னரே சுரப்பிகளைச் சேர்க்க வேண்டும். அடுப்பு எரியும்போது சேர்த்தால் திரிந்து மணல்மணலாகிவிடும். நறுக்கிய பார்ஸ்லி தூவலாம். பாலாடைக்கட்டி சேர்க்கக் கூடாது. உப்பைக் கடைசியில் சுவைத்துப் பார்த்துத்தான் போட வேண்டும், பெரும்பாலும் தேவைப்படாது.

கருவுற்றவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், நோயெதிர்ப்பு குன்றியவர்கள் பச்சையாக உண்ணக் கூடாது. கடலுணவு ஒவ்வாமை உள்ளவர் தொடவே வேண்டாம். முதன்முறை உண்பவர் ஒன்றை மட்டும் உண்டு, சிறிது நேரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. ஆழ்கடலில் படகிலிருந்து மருத்துவமனை தொலைவில் இருக்கிறது.

ஓடுகளைக் குளிப்போர் இறங்கும் கரையருகே எறியாமல், ஆழமான இடத்தில் போடுங்கள். துறைமுகத்துக்குள் இருந்தால் பையில் கட்டிக் குப்பையில் சேருங்கள்.

முள் குத்தினால்

ஊதா முள்ளெலியின் முள்ளில் அஞ்சத் தக்க நஞ்சு இல்லை. ஆனால் அது சுண்ணாம்பாலானது, மிக எளிதில் ஒடியும், ஒடிந்த நுனி தோலுக்குள் தங்கிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைச் சிறு இடுக்கியால் நேராக இழுத்து எடுங்கள், வளைத்தால் உடையும். ஆழத்தில் இருப்பதை ஊசியால் தோண்டக் கூடாது. காயத்தைச் சோப்பால் கழுவி, சூடு தாங்கும் அளவான வெந்நீரில், 45 டிகிரிக்கு மேற்படாமல், அரைமணி நேரம் ஊறவைத்து, பின்னர் வினிகரில் நனைத்த துணியைக் கட்டி வையுங்கள்; வினிகர் சுண்ணாம்பை மெல்லக் கரைக்கும். நுண்ணிய துணுக்குகள் சில நாள்களில் தாமாகக் கரைந்துவிடும் அல்லது வெளியேறும். முள்ளை எடுத்த பின்னும் தோலில் கருநீலப் புள்ளி தெரிந்தால் அது முள்ளின் சாயமாக இருக்கலாம்; ஓரிரு நாளில் மறையும். ஆனால் விரல் மூட்டிலோ பாத மூட்டிலோ முள் இறங்கியிருந்தால், வலி நாளுக்கு நாள் கூடினால், வீக்கமும் காய்ச்சலும் வந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் சென்று முள்ளை எடுத்துவிட வேண்டும். வில்வாதத் (டெட்டனஸ்) தடுப்பூசி போட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தால் அதையும் அப்போதே சொல்ல வேண்டும்.